நீர்ப்பெண்ணுக்கு நான் போட்ட மார்க்

கல்யாணமான மறு வருடமே என் கணவர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். நான் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து வந்து, திருப்பதியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, செல்போன் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் சின்ன அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெலுங்குதான் வீட்டு மொழி. எனக்கும் தெலுங்கு வரும். கடையில் பேரம் பேசுகிற அளவுக்கு. மனதில் இருப்பதைச் சொல்ல வராது. மதியச் சோற்றைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே தனியாகச் சாப்பிட்டுவிடுவேன்.

ஒரு நாள் எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டு படங்கள் வந்தன. புது விளையாட்டில் ஏரிக்குள்ளிருந்து ஆட்களை இழுக்கும் ஒரு ஜந்து. பாதி பெண், பாதி மீன். அதை இரண்டு விதமாக வரைந்திருந்தார்கள். இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும்.

முதல் படம் காலண்டர் கடல்கன்னி. ஒட்டியாணம் கட்டியதுபோல் இடுப்பில் செதில் தொடங்கியது. தண்ணீருக்குள் இருந்தும் கண்ணில் மை கலையவில்லை. இரண்டாவது அப்படியில்லை. தோளிலேயே ஒன்றிரண்டு செதில் முளைத்து, கீழே போகப்போக நெருங்கி, விரால் மீனின் கறுத்த வாலாக முடிந்தது. கழுத்தில் செவுள். கண்களுக்கு இமையே இல்லை. கம்ப்யூட்டரில் நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் நிழலாகப் பார்த்தேன். அப்போதும் அது அதுவாகவே தெரிந்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில் இருப்பவள் யாருக்காக அலங்கரித்துக்கொள்வாள் என்று தோன்றியது. அதற்கு ஒன்பது போட்டேன்.

மற்ற நால்வரும் இரண்டு, மூன்று என்று போட்டிருந்தார்கள். மேலாளர் என் மேசைக்கு வந்து, தெலுங்கோடு தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையைக் கலந்து கேட்டார்.

"நீங்க ஒருத்தர்தான் மேடம் ஒன்பது. பாகலேது, நல்லா இல்ல, பயமா இருக்குது. ஏன் புடிச்சிது, செப்பண்டி, சொல்லுங்க."

காரணமெல்லாம் எனக்குள் தமிழில் வரிசையாக இருந்தது. கண் நன்றாக இருக்கிறது, "கண்ணு பாகுந்தி சார்" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஒன்பதை அழித்து நான்கு போட்டேன்.

சாயங்காலம் கணவர் போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்குப் புட்ச்சிதுதானே? அப்பறம் எதுக்கு மாத்துன?"

"எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க."

சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அது எனக்குத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை, என் மார்க்கைத் திரும்ப ஒன்பதாக்கச் சொல்லிக் கேட்டேன். நேற்றே அனுப்பியாகிவிட்டது என்றார் மேலாளர். அகராதியைப் பார்த்துப் பார்த்து, இமையில்லாத அந்தக் கண்கள் ஏன் சரி என்று இங்கிலீஷில் ஆறு வரி எழுதி, வரைந்தவருக்கு அனுப்பும்படி அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அனுப்பினாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சில மாதங்களில் அந்த விளையாட்டு ஆடிப் பார்க்க எங்களிடம் வந்தது. ஏரியில் மை தீட்டிய கடல்கன்னிதான் இருந்தாள். அவளை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கொன்று பார்ப்பது என் வேலை. பாறை ஓரமாக நீந்தினால் வால் பாறைக்குள் புகுந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து எழுதினேன். அதற்கு மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அன்றைக்கு மதியச் சோற்றைத் தொடாமல் அப்படியே மூடி வைத்தேன். பக்கத்து மேசைப் பெண், "ஏமைந்தி, என்னாச்சு, தலைவலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.