ஊமைக் கரடிகள்

எக்பர்ட் லைப்போல்ட் பொம்மைக் கரடியைக் காதோரம் கொண்டுபோய் மல்லாக்கச் சாய்க்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். வயிற்றுக்குள் இருக்கும் எடை இறங்கி, அதன் சின்னத் துருத்தி மூச்சுவிட்டால் கரடி உறுமும். பிடித்திருந்தால் வலப்பக்கக் கூடை. இல்லையென்றால், "மூக்கால அழுவுது" என்று இடப்பக்கம்.

ஜெர்மனியின் சோன்னபெர்க்கில் பொம்மை செய்யாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லைப்போல்ட் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கரடி. எழுபதைத் தாண்டிய எக்பர்ட் பட்டறைக்குள் கம்பளிச் செருப்போடுதான் நடப்பார். தன் காலடி ஓசைகூடக் கரடியின் குரலில் கலக்கக் கூடாதாம். மதியச் சாப்பாடு வரை ரேடியோவுக்குத் தடை. தையல்காரி ரோஸ்வித்தா ஒருமுறை தும்மியதற்கு, "வெளிய போய்த் தும்மிட்டு வா, கரடி பேசிட்டிருக்கு" என்றார். அவள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் கம்யூனிஸ்ட் அரசாங்கம் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையை இறக்கினார்கள். அப்பாவின் மேசையில் வேறொருவர் உட்கார்ந்தார். எக்பர்ட் உட்கார்ந்து குரல் சோதிக்கும் முக்காலியை மட்டும் யாரும் கேட்கவில்லை. வந்த அதிகாரியின் காதுக்கு எல்லாக் கரடியும் ஒரே மாதிரிதான் உறுமின. எக்பர்ட் சொந்தப் பட்டறையில் சம்பளத்துக்கு உட்கார்ந்து, நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் இடியும்வரை கரடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொழில் திரும்பி வந்தது. மகள் யுட்டா தலையெடுத்ததும் முதலாளி நாற்காலியை அவளிடம் கொடுத்துவிட்டார். முக்காலியைக் கொடுக்கவில்லை.

இந்த நவம்பரில் இடப்பக்கக் கூடை நிரம்பி வழிந்தது. எல்லாம் ஊமை, துருத்தி செய்கிறவன் ஏமாற்றுகிறான் என்று பொரிந்தார். கிறிஸ்துமஸ் சரக்கு போகாவிட்டால் கடைக்காரர்கள் அடுத்த வருடம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ரோஸ்வித்தா ஒரு கரடியின் முதுகுத் தையலைப் பிரித்துப் பார்த்தாள். துருத்தி நன்றாகவே உறுமியது. இன்னொன்றும் அப்படியே. யுட்டாவிடம் போய்ச் சொன்னாள்.

சொல்ல வாய் வராமல், அவர் ஒதுக்கிய கரடிகளை இருவரும் திருட்டுத்தனமாகப் பெட்டிகளில் அடுக்கினார்கள். யுட்டாவுக்கு அது மனத்தை அறுத்தது. அப்பாவை ஏமாற்றுவதும் பாவம், முக்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்வதும் பாவம். அரசாங்கமே விட்டுவைத்ததைப் பெற்ற மகள் பிடுங்குவதா?

கடைசியில் ஒரு காலை, பிரித்த கரடியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, கரடிக்கு ஒண்ணும் இல்ல."

வாங்கிச் சாய்த்தார். ஜன்னலோரம் இருந்த ரோஸ்வித்தாவுக்கே உறுமல் கேட்டது. அவர் மறுபடியும் சாய்த்தார். தலையைத் தூக்கியபோது, ஜன்னல் மேல் இருந்த ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிவது கண்ணில் பட்டது. மதியத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

"அது எப்பலேர்ந்து காலையிலயே பாடுது?"

"ஈஸ்டர்லேர்ந்து, முதலாளி" என்றாள் ரோஸ்வித்தா. "நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு..."

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எக்பர்ட் எழுந்தார். முக்காலியை மகள் பக்கம் நகர்த்தினார். கரடிகளுக்குக் கழுத்து நாடா கட்டும் பெண்களின் மேசைக்குப் போய், பெஞ்சின் ஓரத்தில் இடம் கேட்டு உட்கார்ந்து, நாடாவுக்காகக் கையை நீட்டினார்.