ஒல்லாந்தர் கோட்டைக்கு நாங்கள் போன நாள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர் கப்பலில் வந்து சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வாங்கிப் போனதை வருஷா வருஷம் சொல்வேன். ஒருநாள் ஒரு மாணவி, "டீச்சர், நீங்க அத்தப் பாத்துகிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான் பார்த்ததில்லை.

கோடை விடுமுறையில் கிளம்பினேன். என் கணவருக்கு ஆபீஸ். அவர் தங்கை துணைக்கு வந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். கோயில் தவிர வேறெங்கும் போனதில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாட்டுவண்டி பிடித்து, பாலாறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். அகன்ற மணல், அதன் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்தான் கடலைத் தொட்டது. பிறகு கோட்டை. செங்கல் மதிலெங்கும் முட்செடி. உள்ளே கல்லறைகள். ஒரு கல்லில் பாய்மரக் கப்பல் செதுக்கியிருந்தது. நாத்தனார் அதன்மேல் கிடந்த மணலை முந்தானையால் துடைத்தாள்.

"எங்கேர்ந்தோ வந்து இங்க செத்துகிறாங்க அண்ணி. நாம பக்கத்துலயே இருந்துகினு இத்தப் பாக்கல."

மாமல்லபுரத்தையும் பார்த்துவிடலாம் என்றாள் அவளே. பஸ் போய்விட்டிருந்தது. பக்கிங்காம் கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றிய படகொன்று வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஆம்பள தொணை இல்லாம ஏத்த மாட்டம்மா. சேத்துல மாட்டிச்சின்னா எறங்கித் தள்ளுவீங்களா?" என்றார் படகுக்காரர்.

"தள்ளுவோம்" என்றேன்.

பாதி வழியில் மாட்டிக்கொண்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். முழங்கால்வரை சேறு. படகுக்காரர் கரையிலிருந்து கயிற்றை இழுக்க, நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம். படகு அசைந்ததும் நாத்தனார் சத்தம்போட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மாமல்லபுரத்துக் கடலில் சேற்றைக் கழுவினோம். கடற்கரைக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.

செங்கல்பட்டு பஸ் நிறுத்தத்தில் கவலையோடு நின்றிருந்தார் என் கணவர். "இவ்ளோ நேரம் இன்னா பண்ணீங்க?" என்றார் தங்கையிடம்.

"படகு தள்ளினோம்ணா" என்றாள் அவள். "அடுத்த லீவுல பள்ளிக்கூடப் பொண்ணுங்களையும் இட்டுகினு போப்போறோம்."

போனோம். முட்செடியை விலக்கிக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள்.