அவன் பார்க்கட்டும் என்று குறைத்த வேகம்

என் மாமா மகன் என்னை இடித்தது தற்செயல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் இன்றைக்கும் நான் தானாகப் போய் விழுந்தேன் என்றுதான் நம்புகிறார்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா டீச்சர். சம்பாதித்தது அம்மாதான் என்றாலும் எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்தது அம்மாவின் அண்ணன். மாமாவுக்கு மதுரை காளவாசலில் லாரிப் பட்டறை. பட்டறையை ஒட்டிய மாடியில் நாங்கள் குடியிருந்தோம். காலேஜ் விட்டு வந்தால் பட்டறைக்குள் நுழைந்துதான் படியேற வேண்டும். நான் பெரும்பாலும் ஏறமாட்டேன். கழற்றிப் போட்டிருக்கும் கார்புரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அதைக் கழுவி, மாட்டி, இஞ்சின் சத்தம் சீராகும்வரை திருகித் திருகிப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மாமா மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். மெட்ராஸில் கோ-கார்ட் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவன், இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, பழைய ஸ்கூட்டர் இஞ்சினைப் பின்னால் வைத்து, அதேபோல இரண்டு வண்டி செய்தான். கதவு கிடையாது, கூரை கிடையாது. உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் ஒரு சாண் இருக்கும். ஒன்று அவனுக்கு. இன்னொன்றை ஓட்ட ஆளில்லை.

"ஏ புள்ள, சும்மா உக்காந்து ஓட்டு. நான் முந்துறதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்றான்.

மூடிக்கிடந்த ஒரு மில்லின் சிமெண்ட் களத்தில் ஓட்டினோம். மூன்றாவது வாரத்திலிருந்து அவனால் என்னை முந்த முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் என் வண்டியின் சங்கிலி அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது.

ஊரில் வசதியான வீட்டுப் பையன்கள் சேர்ந்து அதே களத்தில் ஒரு பந்தயம் வைத்தார்கள். பத்துச் சுற்று. தெருவே வந்திருந்தது, அம்மாவும் வந்திருந்தாள். ஏழாவது சுற்றில் நான் முதலில் போய்க்கொண்டிருந்தேன். கிணற்றோரத் திருப்பத்தில் பிரேக்கை மிதித்துத் திரும்பும்போது, தலையைத் திருப்பி ஒரு நொடி அவனைப் பார்த்தேன். அவன் பிரேக் போடவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து, அவன் முன்சக்கரத்தை என் பின்சக்கரத்தில் ஏற்றினான். வண்டி கவிழ்ந்து மணல் மூட்டைகளின் மேல் விழுந்தேன். தோள்பட்டை எலும்பு உடைந்தது.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. கூடாமல் போனது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடக்க, என் தலைமாட்டில் நின்றுகொண்டு அவன் மாமாவிடம் சொன்னான்:

"பயந்துபோய்க் கண்ண மூடிக்கிருச்சுப்பா. தானாப் போயி மூட்டையில விழுந்துச்சு. நான் ஒதுங்கித்தான் போனேன்."

"பொய் சொல்றான் மாமா. இடிச்சது அவன்" என்றேன்.

மாமா என் தலையைத் தடவினார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத்தா இந்த வேலை? விடு."

நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணால் பார்த்தவள் அவள். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "இவளுக்கு எப்பவுமே அவசரம்ணே" என்றாள்.

காளவாசல் முழுக்க அந்தக் கதை பரவியது. டீக்கடையைக் கடந்தால் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பதுபோல நடித்தார்கள். பத்தாததற்கு மாமா, "அவனுக்கே கட்டி வச்சுட்டா எல்லாம் சரியாப் போகும்" என்று பேச ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஜெயிப்பது என் ஆசை இல்லை. அவன் தோற்க வேண்டும். என்னிடம் தோற்க வேண்டும். அதை அவன் பார்க்க வேண்டும்.

மதுரைக்கு வெளியே பரவையில் பம்புசெட் இஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். அவரிடம் இருந்த நல்ல லேத்துக்காரரை மாமா ஆசைகாட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று அவருக்குத் தீராத கோபம். அதைத் தெரிந்துகொண்டுதான் அவரிடம் போனேன். கட்டுப் பிரித்து நாலு நாள்கூட ஆகவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு கார்ட் வேணும். எங்க மாமா மகன ஜெயிக்கிற கார்ட்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, அந்தக் காளவாசல்காரர் மகனையா?"

"ஆமாண்ணே."

"உக்காரு தங்கச்சி" என்றார். பிறகு உள்ளே திரும்பி இரண்டு டீ சொன்னார்.

காலேஜ் முடிந்ததும் பஸ் பிடித்துப் பரவை போய், அவருடைய கடையில் கார்புரேட்டர் வேலையெல்லாம் நான் பார்த்தேன். அதற்கு ஈடாக அவர் எனக்கு வண்டி கட்டினார். அம்மாவிடம் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். வண்டி முடிந்ததும் வேனில் ஏற்றி அழகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். பூஜை போட வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாடி இன்னும் கட்டலையா?" என்று கேட்டார். பரவை அண்ணன் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது நான் நியாயம் கேட்டு வருகிறவர்கள் நிற்கும், கருப்பசாமியின் எப்போதும் சாத்தியே இருக்கும் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன கேட்டேன் என்று எழுத இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நல்லதாக எதையும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வருஷத்தில் அவனை நாலு தடவை கார்ட்டில் ஜெயித்தேன். முதல் தடவை ஜெயித்தபோதே டைப்ரைட்டிங் பொய் உடைந்துவிட்டது. அம்மா ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள். நான் பரவை போவதை நிறுத்தவில்லை. அவனோ ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தான். பிளக் அடைத்துவிட்டது, டயர் தேய்ந்துவிட்டது. கடைசியில், "கார்ட்டெல்லாம் சின்னப் பயலுக விளையாட்டு" என்று சொல்லிவிட்டுக் கார் பந்தயத்துக்குப் போய்விட்டான். மாமா அவனுக்குப் பச்சைக் கலரில் ஒரு கார் வாங்கிக் கொடுத்தார்.

நானும் பின்னாலேயே போனேன். வேறென்ன செய்வது? பரவை அண்ணன் டாக்ஸியாக ஓடி ஓய்ந்துபோன ஒரு காரைப் பிடித்து, இஞ்சினைப் பிரித்து, பின் சீட்டையெல்லாம் கழற்றி எறிந்து, ஒரு வருஷம் பாடுபட்டார். மெட்ராஸுக்கு வெளியே பழைய விமான ஓடுதளம் ஒன்றில் பந்தயம். பதினைந்து சுற்று. ஒரு டயர் கம்பெனி மேனேஜர் சம்பளத்துக்கு ஓட்ட ஆள் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"தங்கச்சி, இன்னைக்கு அவன மற. மேனேஜர மட்டும் நெனச்சுக்க" என்றார் அண்ணன். தலையாட்டினேன்.

ஐந்தாவது சுற்றில் முதலிடத்துக்கு வந்தேன். பதினோராவது சுற்றில் எனக்கு முன்னால் அந்தப் பச்சைக் கார் தெரிந்தது. கடைசியில் கிடந்தான். நான் அவனைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடியிருந்தேன். ஓரத்தில் நின்றவர் அவனுக்கு நீலக் கொடியை அசைத்தார். பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்று அர்த்தம். அவன் விட்டான். நான் கடந்தேன்.

போயிருக்க வேண்டும். எனக்குப் போதவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று அவன் பார்த்திருக்க மாட்டான், இன்று இரவே இன்னொரு காரணம் சொல்வான் என்று தோன்றியது. நீண்ட நேர்பாதையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவன் கார் என் பக்கத்துக்கு வந்தது. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி, கண்ணை நன்றாக விரித்து, அவனையே பார்த்தேன். அவன் வாய் திறந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான சில நொடிகள் அதற்கு முன்னால் கிடையாது.

அந்த நொடிகளில் எனக்குப் பின்னால் வந்த கோயம்புத்தூர்க்காரர் இருவரையும் தாண்டிப் போய்விட்டார். விரட்டினேன். ஒரு கார் நீள வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தேன். டயர் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது.

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசினார். "ஜெயிச்ச ரேஸு! அவன் மூஞ்சியப் பாக்குறதுக்கா நான் அம்புட்டு நாளு கண்ணு முழிச்சேன்?"  அவருடைய கோபம் நியாயமானது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். செய்ததற்கு வருத்தப்பட்டேனா என்றால், இல்லை.

அந்தச் சில நொடிகள் எனக்கு ஒரு முழு வருஷத்தைத் தின்றன. மறுவருஷம் அதே ஓடுதளத்தில் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டி ஜெயித்தேன். கம்பெனி கடிதம் வந்தது. மாதச் சம்பளம், புது கார், கூட இரண்டு மெக்கானிக். அதில் ஒருவராகப் பரவை அண்ணனைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

கடிதம் வந்த வாரமே மாமா தட்டில் பழம், வெற்றிலையோடு மாடியேறி வந்தார். அவரோடு அவனும். அதற்குள் அவன் பந்தயத்தை விட்டுவிட்டு லாரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான் முதல்ல ஒன்னு சொல்லட்டும் மாமா. அன்னைக்கு மில்லுல என்ன நடந்துச்சுன்னு" என்றேன்.

 அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "நான்தான்ப்பா இடிச்சேன். வேணும்னுதான். அது கண்ணத் தெறந்துதான் இருந்துச்சு" என்றான்.

 அம்மா அழுதாள். அவளுடைய அழுகையும் எனக்கு வேண்டியிருந்தது.

"இப்பச் சம்மதந்தானத்தா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல மாமா" என்றேன். தட்டை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மறுவருஷம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நான் போயிருந்தேன், வேண்டுமென்றே கம்பெனிப் பெயர் போட்ட காரில். மேடையேறியதும் அவன் மணப்பெண்ணிடம், "இது எங்க அத்தை மக. மெட்ராஸ் வரைக்கும் போயி ஜெயிச்சது. வண்டி ஓட்டுறதுல எங்க வம்சத்துலயே இதுதான் மொத ஆளு" என்றான். குரலில் பொய் இல்லை. நிஜமாகவே பெருமைப்பட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. இடித்ததை ஒருவேளை மன்னித்திருப்பேன். நான் அவனுக்கு எதிராகச் சம்பாதித்ததையெல்லாம் தன் வீட்டுப் பெருமையாக அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டானே, அதை இன்னும் மன்னிக்கவில்லை. பந்தியில் சாப்பிட உட்காராமல் கீழே இறங்கினேன். காரைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களை விலகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.