மாப்பிள்ளை கண்டுபிடித்த ஒரே நட்சத்திரம்

எங்கள் மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் தேடுகிற உத்தியோகம். தொண்ணூறுகளில் ஊரப்பாக்கத்தில் மகள் மாப்பிள்ளையோடுதான் நானும் இருந்தேன். ஒரு நாளாவது அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. எந்நேரமும் கம்ப்யூட்டர்தான். மேலே சுற்றுகிற விண்கலத்தில் ஒரு கருவி இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத காமா கதிர் எங்கேயாவது வெடித்தால் அது பதிந்துகொள்ளுமாம். வெடித்த நட்சத்திரமே மறுபடி வெடிக்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை.

எங்களில் மாமியார் மருமகனிடம் நேரே பேசுவதில்லை. எனக்குக் கூச்சமும் அதிகம். அடுப்படியிலிருந்து மகளிடம் கேட்பேன், அவர் கூடத்திலிருந்து அவளுக்குப் பதில் சொல்வார்.

ஒரு நாள் லட்டு டப்பாவோடு வந்தார்.

"இன்னாவாம்?" என்றேன் மகளிடம்.

"ஒரே திசையில ரெண்டு வெடிப்பாம்மா. ஒரே நட்சத்திரமாம்."

"கட்டுரையா எழுதி அனுப்பினா வெளிநாட்டு வேலை நிச்சயம்," என்றார் அவர். "நீ டீச்சர் வேலைய ராஜினாமா பண்ணிடு."

அவளுக்குச் செங்கல்பட்டில் அரசாங்கப் பள்ளி வேலை. எங்கள் வம்சமே அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றது. மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்.

"திசைன்னா எம்மாம் எடம்?" என்று மகள் கேட்டாள்.

அவர் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். "இது மறைக்கிற அளவு. இந்தக் கருவி அதுக்கு மேல துல்லியமா சொல்லாது."

"மாமல்லபுரம் கடற்கரையில கைய அப்படி நீட்டினா எத்தினி படகு மறையும்?"

"உனக்குப் புரியாது. தூரத்துல போற இன்னொரு விண்கலமும் அதே வெடிப்பைப் பார்த்திருக்கும். ரெண்டு நேரத்தையும் ஒத்துப் பார்த்தா இடம் குறுகிடும்."

"பார்த்தாச்சா?"

"வரும்."

அதுவரை காத்திருப்பதுதான் அந்தத் தொழிலின் முறையாம். லட்டு காத்திருக்கவில்லை. பெரிய படிப்பு.

அன்றிலிருந்து தினமும் "ராஜினாமா குடுத்துட்டியா?" என்பார். "எழுதி வச்சிருக்கேன்," என்பாள் அவள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு விண்கலம் குறித்த நேரம் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டும் வேற வேற இடம்," என்றார். பிறகு, "ராஜினாமாவ வாபஸ் வாங்க முடியுமா?"

"குடுத்தாதான வாங்குறதுக்கு," என்றாள் மகள். "அந்த இன்னொரு விண்கலம் இன்னா சொல்லுதுன்னு பார்த்துகினு இருந்தேன்."

மறுநாள் அவர் எழுந்திருக்கும் முன்பே அவள் செங்கல்பட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.