பிள்ளை விளையாடுறதைப் பார்க்கிற வேலை

வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலையில், கதவு திறக்கும் முன்னாலேயே நம்மைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழுந்துவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டுபோகிறவர்களுக்கும் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

சங்கரன்கோவிலில் பாதி ஆயுசு விசைத்தறி ஓட்டினவன் நான். தூசி ஒத்துக்கொள்ளாமல் போகவும் இந்த வேலைக்கு வந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து செல்வி மேடம் வருவாங்க. மூணு வயசுக்குள்ளே இருக்கிற பிள்ளைகள் எப்படி விளையாடுது, எப்படிப் பேசுதுன்னு பார்ப்பாங்க. ஏதாவது தாமதம் தெரிந்தால் காலத்தோடு வைத்தியத்துக்கு வழி காட்டுவாங்க. எந்தத் தெருவில் எந்த வீடு என்று காட்டுவது என் வேலை. இதை என் வீட்டுக்காரிக்கு விளக்கப் போய், கடைசியில் எனக்கே குழம்பிவிட்டது.

சாத்தின கதவு

மாரியம்மா வீட்டை ஒட்டியே தறி. அவள் புருசன் கணேசன் ஓட்டுகிறான். அந்தச் சத்தத்தில் நான் தட்டினது யாருக்குக் கேட்கும்? ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். வந்தாள். மேடத்தின் பையைப் பார்த்தாள்.

“ஊசியா?”

“இல்ல தாயி.”

“சத்துமாவா?”

“அதுவும் இல்ல. பிள்ளை விளையாடுததைப் பார்க்கணும்.”

அவள் மகள் பூரணி சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. மாரி ஒரு கையால் பிள்ளையை உள்ளே தள்ளினாள். அந்தப் பிள்ளைக்கு ரெண்டரை வயசாகியும் ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். மேடம் காதில் சொன்னேன். “அப்ப இந்த வீட்டை விடவே கூடாது, அண்ணாச்சி. நாள் போகப் போகக் கஷ்டம்” என்றாங்க. மாரி காதில் அது விழுந்ததோ என்னவோ, முகம் கறுத்துப்போனது.

“எம்புள்ள நாள் பூரா விளையாடுதா. அதைப் பாக்கதுக்கு எனக்கு ஒருத்தரும் சம்பளம் தரலையே, அண்ணாச்சி!” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கட்டை அடுக்கினது

எதிர் வீட்டில் ஒரு பையன். மேடம் மரக்கட்டைகளைப் பரப்பிவிட்டு, “நீயே விளையாடு கண்ணு” என்றாங்க. அதுக்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. “அடுக்குலே! ஒண்ணு மேல ஒண்ணு வைலே!” என்று ஒரே சத்தம். பையனுடைய அப்பனுக்குப் பொறுக்கவில்லை, தானே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோபுரம் கட்டிக் காட்டினான். பையன் அதைத் தட்டிவிட்டான். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேடம் மடியில் போட்டுச் சிரித்தான்.

அப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். மேடமோ, “ரொம்ப நல்லது” என்று எழுதிக்கொண்டாங்க. எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. கூட்டத்தில் மாரியம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அடுக்குனாலும் சரி, அடுக்காட்டாலும் சரின்னா, பெறவு எதுக்கு மேடம் இந்தப் பரீட்சை?” என்று கேட்டான் அப்பன்.

இரவல் பிள்ளை

ரெண்டு நாள் கழித்து மாரியே ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனால், பவுடர் போட்டு, பூ வைத்து ஒரு பெண்பிள்ளை தயாராக உட்கார்ந்திருந்தது. “இதான் பூரணி” என்றாள். பிள்ளை வாய் மூடவில்லை. காக்கா என்றது, பஸ் என்றது, மேடம் வளையல் நல்லாயிருக்கு என்றது. மேடம் என்னைப் பார்க்க, நான் மேடத்தைப் பார்த்தேன். ரெண்டே நாளில் இப்படியும் பேச்சு வருமா? அன்றைக்குச் சேலைக்குப் பின்னால் பார்த்த முகம் இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பிள்ளை மாரியைத் திரும்பிப் பார்த்து, “பெரியம்மா, அம்மா எப்ப வருவா? புளியங்குடிக்குப் போவணும்” என்றது.

மேடம் கோபப்படுவாங்க என்று நினைத்தேன். அவங்களோ பிள்ளை கையில் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு, “உங்க தங்கச்சி மக கெட்டிக்காரி, அக்கா. நாங்க வந்தது பூரணிக்காக” என்றாங்க. மாரி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“பேசாத பிள்ளைன்னு நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. தெருவில அதுவே அவளுக்குப் பேராயிரும், அண்ணாச்சி.”

தறி நின்றது

பூரணி உள்ளே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கண்டை உருட்டிக்கொண்டிருந்தது. “சொன்னதெல்லாம் புரியுது மேடம், பேசத்தான் மாட்டேங்கா” என்றாள் மாரி. தட்டெடுத்து வா என்று கையைக் காட்டினாள், கொண்டுவந்தது. கணேசன் தறியிலிருந்தே புருவத்தைத் தூக்கினான். பிள்ளை போய்த் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தது. தறி ஓடுகிற இடத்தில் எல்லாருக்கும் அதுதானே பாஷை. சாப்பாட்டுக்கு ஒரு சைகை, நூல் அறுந்தால் ஒரு சைகை. நானும் அப்படியே காலம் தள்ளினவன். அதனால் எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

“தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே” என்றாங்க மேடம். நின்றது. “அக்கா, கையை ஆட்டாம, பின்னால நின்னு கூப்பிடுங்க.”

“பூரணி” என்றாள் மாரி. திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பிள்ளை பாட்டுக்கு நூல் கண்டை உருட்டிக்கொண்டிருந்தது. கணேசன் தறியை விட்டு வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இவ்வளவு நாளும் நம்ம கை பேசினதுக்குல்லா பிள்ளை பதில் சொல்லியிருக்கு, மாரி” என்றான்.

மிஷின்

பிறகு மாரியும் கணேசனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடம் கூடவே திருநெல்வேலிக்கு அலைந்தார்கள். காது டெஸ்ட், அதற்குப் பிறகு காது மிஷின். அதை மாட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இனிமேல்தான் பேசப் பழக்க வேண்டுமாம். மறுபடியும் குழப்பம்.

மிஷினோடு வீட்டுக்கு வந்த அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். ஞாபகமில்லாமல் கணேசன் தறியைப் போட்டுவிட்டான். பூரணி துள்ளி விழுந்து, தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தறியைப் பார்த்து விரலை நீட்டி வீறிட்டது. அவன் பதறி நிறுத்தினான். மாரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“இத்தனை நாளும் இந்தத் தறி எங்களுக்கு மட்டுந்தான் ஓடியிருக்கு, அண்ணாச்சி” என்றாள்.

என்ன வேலை பார்க்கிறீர் என்று கேட்கிறவர்களிடம் நான் இன்றைக்கும் குழறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்க அந்தத் தெருவில் இப்போது ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறது.