மோவாய் சொன்ன குணம்

தொண்ணூறுகளில் நான் எம்.ஏ. மனோதத்துவம் படித்தபோது வகுப்பே வெறுத்த பாடம் அதன் வரலாறுதான். செத்துப்போன கொள்கைகளைப் படித்து யாருக்கு என்ன லாபம்? மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொன்னவர்களைப் பற்றி புனேக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தேஹு ரோடு வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ராணுவ டிப்போவில் வேலை பார்த்த அப்பா, சவரத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"நம்ம சாமுத்திரிகா லட்சணம்தானே இது? இதுக்கா தெனம் லோக்கல் ரயில் புடிச்சு புனே போயிட்டு வர்றே?"

பிறகு புனேயில் மகர்பட்டா பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் மேலாளர் வாயைத் திறந்தால் சயின்ஸ்தான். விண்ணப்பதாரரின் போட்டோவைப் பார்த்தே குணம் சொல்லும் நிபுணர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார். வண்ணக் கட்டம் போட்ட அறிக்கை வரும். புது மொந்தையில் பழைய கள்.

ஊரின் இன்னொரு பகுதியான கோந்த்வாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். குழந்தைக்காகச் சில வருஷம் வீட்டில் இருந்தவர். நேர்காணலில் அவரை அடிக்க ஆளில்லை. அறிக்கையோ, "காது மடல் ஒட்டியிருக்கிறது, நிலைத்திருக்க மாட்டார்" என்றது. மேலாளர் ஃபைலை ஒதுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் எப்போதோ தூக்கிப்போட்ட சரக்கு என்று விளக்கினேன்.

"நீ படிச்சது பழசு. இது லேட்டஸ்ட்" என்றார்.

நிபுணருக்குப் போகும் அடுத்த போட்டோக் கட்டில் மேலாளரின் பழைய அடையாள அட்டைப் படத்தையும் பெயரில்லாமல் சேர்த்து அனுப்பினேன். அறிக்கையை அவரே என் முன்னால் பிரித்துப் படித்தார்: "மோவாய் உள்வாங்கியிருக்கிறது. ஆட்களை நடத்தும் துணிவு கிடையாது. எடுக்க வேண்டாம்." என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அறிக்கையில் ஒட்டியிருந்த தன் படத்தையே பார்த்தார்.

"அந்த கோந்த்வாப் பெண்ணை வரச் சொல்" என்றார்.

நிபுணரும் அத்தோடு நின்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரலாற்றுப் பாடம் சோறு போட்டுவிட்டது என்று அப்பாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மேலாளர் தாடி வளர்க்க ஆரம்பித்தார். மோவாயை மட்டும் மூடுகிற தாடி. ஒருநாள் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"அதெல்லாம் பொய்னு எப்போ நிரூபிச்சாங்க?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்."

அவர் தாடியைத் தடவினார். "நூறு வருஷமா பொய். எனக்கு இப்போதான் உண்மையாயிருக்கு."

பாவமாக இருந்தது. தாடி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.