கதவைத் தட்டி எழுதிய கணக்கு

உலகத்திலேயே குறைவாகப் பேசுகிற மனிதர் எங்கள் மாப்பிள்ளைதான். என் மகளைக் கேட்டு வந்த அன்று எங்கள் கூடத்தில் ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்திருந்தார். பேசியது இரண்டே சொல்: "மின்விசிறி", "வேண்டாம்". சரி, கொஞ்சம் இழுத்துத்தான் சொல்கிறேன். தேநீர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் அதை எங்களிடம் சொல்லவில்லை, கோப்பையிடம் சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஒரு வருஷம், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனியில் அவர் தலைமைக் கணக்கர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'கணக்கு'. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கட்டடம், பச்சைப் பஞ்சு ஒட்டிய பொம்மை மரங்கள். அதைத் தாண்டிப் போனால் கடைசி அறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேசை அவருடையது. சுவர் பதில் பேசாது என்பதால் கேட்டு வாங்கிக்கொண்ட இடம். லிஃப்டில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிடுவார்கள் என்று பயந்து படியிலேயே ஏறி இறங்குவார். உடம்புக்கு நல்லதுதானே என்று என் மகள் சமாதானம் செய்துகொண்டாள்.

அவருக்கு நேர் எதிர் அந்தக் கம்பெனியின் விற்பனைக்காரர். பெயர் வெண்கலம். அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, தொண்டை வாங்கிக் கொடுத்த பெயர். அவர் மூன்றாம் மாடியில் வீடு காட்டினால் தெருமுனைப் பூக்கடைக்காரி வரைக்கும் சமையலறை அளவு தெரிந்துவிடும்.

கணக்கு எழுதுகிற விதிகள் அந்த வருஷம் மாறின. அதுவரை சுவர் எழும்ப எழும்ப லாபமும் கூடவே எழும்பிக்கொண்டிருந்தது. புது விதி வேறு மாதிரி. வாங்குகிறவருக்கு என்னென்ன தருவதாகச் சொன்னாயோ அதையெல்லாம் தனித்தனியாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் விலையில் ஒரு பங்கை ஒதுக்கு. எதைக் கொடுத்து முடித்தாயோ அதன் பங்கை மட்டும் வருமானமாக எழுது. கட்டில் விற்கிறவர் மெத்தையும் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், மெத்தை வீடு வந்து சேரும் வரை மெத்தையின் பங்கு அவர் வருமானம் ஆகாது. அவ்வளவுதான். எனக்கே புரிகிறது.

இதுவரை சிக்கல் இல்லை. விதியில் இன்னொரு வரி இருந்தது. பத்திரத்தில் இல்லாவிட்டாலும், வாயால் சொல்லி, கேட்டவர் அதை நியாயமாக நம்பியிருந்தால், அதுவும் கணக்கில் வரும்.

மாப்பிள்ளை அந்த வரியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு முதல் தடவையாக வெண்கலத்தின் அறைக்குப் போனார்.

"வீடு வாங்கினவங்ககிட்ட நீங்க என்னென்ன சொன்னீங்க?"

"என்னென்ன சொல்லலைன்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாராம் வெண்கலம்.

"விளையாடாதீங்க."

"அட, சும்மா பேச்சுக்குச் சொல்றதுதான், கணக்கு!"

"நீங்க சும்மா சொல்லியிருக்கலாம். அவங்க சும்மா கேட்டுக்கலையே."

வேறு வழியில்லை, வாங்கினவர்களையே போய்க் கேட்க வேண்டியதுதான் என்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என் அறைக் கதவில் ஒரு சத்தம். பல்லி விழுந்ததோ என்று திறந்தால் மாப்பிள்ளை நிற்கிறார்.

"ஒத்திகை, அத்தை" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். கம்பெனியிலேருந்து வர்றேன். உங்களுக்கு நாங்க என்ன தர்றதா சொன்னோம்?"

"ஒரு யானை" என்றேன்.

"அத்தை!"

"அதுக்குப் பாகனும் தர்றதாச் சொன்னீங்க."

உள்ளேயிருந்து என் மகள், "அம்மா, அவரே நடுங்கிக்கிட்டிருக்கார், நீ வேற" என்று கத்தினாள். அவர் மட்டும் நிஜமாகவே யோசித்தார். "யானை நியாயமான எதிர்பார்ப்பு ஆகாது, அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். கம்பெனி ஆள் என்றால் பாக்கி கேட்டுத்தான் வருவார். என்ன தரவேண்டும் என்று கேட்கிற கம்பெனியை யார் கண்டார்கள்? இரண்டாம் வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுத் தருவதாக வெண்கலம் சொல்லியிருந்தாராம். "வண்டி போறதைப் பாக்காம எனக்குப் பொழுது போகாது தம்பி. அவர் சொன்ன பெஞ்சுக்காகத்தான் இந்த வீட்டையே வாங்கினேன்."

அப்புறம் செய்தி படியேறிவிட்டது. அவர் தட்டுவதற்கு முன்பே கதவுகள் திறந்தன. குள்ளமான ஒரு அம்மாவுக்கு அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் சமையலறை அலமாரி. வீட்டில் பாட்டு வகுப்பு நடத்துகிறவரிடம், எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் வெளியே கேட்காத சுவர் என்று வாக்கு. அதே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், குண்டூசி விழுந்தாலும் கேட்காத அமைதி என்று வாக்கு. "ஒரே சுவர், ரெண்டு பேருக்கு வித்திருக்கார்" என்று மாப்பிள்ளை வீட்டில் வந்து சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. என் மகள் பயந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இன்னொருவர், "பக்கத்து வீட்டுக்காரங்க தங்கமானவங்கன்னு சொன்னார். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, எப்ப தருவீங்க?" என்றார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அப்போது கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது கம்பெனி கையில் இல்லாத விஷயம் என்று சொல்லி மாப்பிள்ளை அந்த இடத்தைவிட்டு நழுவினார்.

இரண்டாம் மாடி முன்பக்க வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். நூல்கண்டுகள் ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கோத்திருந்தன. அறுவைச் சிகிச்சை செய்த கண், அவருக்குப் பகல் வெளிச்சம் வேண்டும்.

"குழல் விளக்குல கறுப்பும் கருநீலமும் எனக்கு ஒண்ணுதான் தம்பி. ஒரு தடவை மாத்தித் தைச்சிட்டா அந்த ஆள் மறுபடி வரமாட்டாங்க. அதான் கடையை வித்துட்டு இந்த ஜன்னலை வாங்கினேன். முன்னாடி கட்டடம் வருமான்னு நான் கேட்டேன். வீடு காட்டினவர் நெஞ்சுல கை வைச்சு, 'ஒரு செங்கல்கூட வராது'ன்னார். நீங்களும் அதைத்தானே எழுதிக்கிறீங்க?"

மாப்பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முன்னால் கிடந்த காலி மனையும் கம்பெனியுடையதுதான். அதில் ஆறு மாடி எழுப்பப் போகிற வரைபடம் முதலாளி மேசைமேல் விரித்தபடி கிடந்தது. இந்த வருஷக் கணக்கை வங்கியில் காட்டித்தான் அதற்குக் கடன் வாங்கப் போகிறார்கள். ஆக, அந்தம்மாவின் வெளிச்சத்தை மறைக்கப் போகிற கட்டடத்துக்கான கணக்கைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் முதலாளி அறை. முதலாளி கையில் எப்போதும் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும், அதை உருட்டிக்கொண்டேதான் பேசுவார். பெஞ்சு, அலமாரி, சுவர் எல்லாவற்றையும் கேட்டார். "செஞ்சு குடுத்துட்டா பணம் லாபத்துக்கு வந்துடும்ல? அப்ப செஞ்சு குடு" என்றார். தையல்காரம்மா பேச்சு வந்ததும் உருண்டை நின்றுவிட்டது.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுய்யா."

"கேக்காம இருந்திருந்தா விட்டிருக்கலாம் சார். கேட்டுட்டேனே."

"தணிக்கைக்காரருக்கு எப்படித் தெரியும்?"

"அவர் என்னைக் கேப்பார்."

"நீதான் யார்கிட்டயும் பேசமாட்டியே!"

"இப்ப பழகிட்டேன் சார்."

முதலாளி எழுந்து நடந்தார். "சரி, எழுது. அந்த வெளிச்சத்தோட பங்கு என்னைக்கு லாபத்துக்கு வரும்?"

"அவங்க தைக்கத் தைக்கக் கொஞ்சம் கொஞ்சமா வரும். ஊசியைக் கீழ வைக்கிற அன்னைக்குத்தான் முழுசா முடியும். நடுவுல நாம செங்கல் வைச்சா, வாங்கின பங்கை அவங்களுக்கே திருப்பித் தரணும். வீட்டையே வேண்டாம்னாலும் சொல்லலாம்."

"அப்போ இத்தனைக்கும் காரணமான அந்த வாய் நாளையிலேருந்து இங்க வேண்டாம்!"

வெண்கலம் வாசலில் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மேசையை ஒரு குத்து குத்தினார் பாருங்கள், பென்சில்கள் எகிறிக் கூரையில் பட்டு விழுந்தன. (பென்சில்கள் என் கைச்சரக்கு. மேசையைத் தொட்டார் என்பது வரைக்கும் நிஜம்.) "சார், அந்த வாய் சொன்னதை நம்பித்தான் எல்லா வீடும் வித்துச்சு. நாமளும் அந்தப் பணத்தை வாங்கிப் போட்டுக்கிட்டோம். ஒருதடவை அந்த ஜன்னல்ல வந்து நின்னு பாருங்க" என்றார்.

முதலாளி போனார். ஒரு தொகையைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம் என்றுதான் போனார். "பணம் தைச்சாலே வரும் ஐயா. தைக்கத்தான் வெளிச்சம் வேணும்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி நின்றார், ஜன்னலைப் பார்த்தார், காலி மனையைப் பார்த்தார். கடைசியில் வரைபடக்காரரை அங்கேயே வரவழைத்துவிட்டார். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டி அளந்ததில் நூல்கண்டுகள் எல்லாம் தெருவில் உருண்டன.

புதுக் கட்டடம் மனையின் பின் எல்லைக்குத் தள்ளிப் போயிற்று. வண்டி நிறுத்துமிடம் முன்னுக்கு வந்தது. சில வீடுகள் குறைந்தன. அந்த வருஷ லாபமும் இளைத்துத்தான் போயிற்று. வங்கிக்காரர் ஏன் என்று கேட்டார். மாப்பிள்ளை ஜன்னலில் தொடங்கி முழுக்கதையும் சொன்னார், கடன் கிடைத்தது. வங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நான் சொல்வதுண்டு, நம்ப வேண்டாம்.

வெண்கலம் வேலையில்தான் இருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் வீடு பார்க்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்கிறார். "கணக்கு, 'காத்து நல்லா வரும்'னு சொல்லலாமா?"

"எந்தப் பக்கத்துலேருந்து?"

"கிழக்கேயிருந்து."

"எத்தனை மாசம்?"

"வேண்டாம்ப்பா, ஜன்னல் இருக்குன்னு மட்டும் சொல்லிடறேன்."

வருஷக் கடைசியில் மாப்பிள்ளை தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டுவார். விதிப்படி மதிப்பைப் புதுப்பிக்க வேண்டும். "இன்னும் எத்தனை வருஷம் தைப்பீங்கம்மா?" என்பார். "நீங்க ஓய்வு வாங்கின அப்புறமும் தைப்பேன், எழுதிக்குங்க" என்று பதில் வரும். இருந்து ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுத்தான் வருவார், அதுவும் லிஃப்டில்.

திரைச்சீலைக்கு அளவெடுக்க அந்தம்மா இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அன்றுமுதல் அந்த ஜன்னலில் காலை முதல் மாலை வரை ஒரு நிழல்கூட விழுந்ததில்லை" என்று முடித்திருந்தேன்.

வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு அவர் சொன்னார்: "விழுது அம்மா. மூணு மணிக்கு மேல புதுக் கட்டடத்தோட நிழல் ஒரு ஓரமா வரும். மிஷினை ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கிட்டேன். உங்க மாப்பிள்ளைக்குத் தெரியும், அந்த ஒரு முழத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குல எழுதியிருக்கார்."